வாட்ஸைப் பார்க்காதீங்க, வசனத்தைக் கேளுங்க

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த லீவில் ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று கிளம்பியிருக்கும் மக்களே, ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அந்தத் தப்பை முழுசாகச் செய்து முடித்தவன் நான். அந்த உரிமையில்தான் திட்டப் போகிறேன் :-)

நான் கோலார் தங்கவயல்காரன். பி.காம். முடித்து, இப்போது மஸ்கட்டில் வங்கி அதிகாரி. நைனா சாம்பியன் ரீஃபில் பாறைக்குள்ளே டிரில்லிங் மெஷின் பிடித்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும் வரைக்கும் அதே வேலைதான். இன்றைக்கும் அதே லைன் வீடு. முன்னறை பத்துக்குப் பத்து. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர்.

போன லீவில் பெங்களூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைப்பையன் போட்டுக் காட்டியது 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தின் சண்டைக் காட்சி. நம்ம ஊர்ப் பெயர், தரை அதிர்கிறது, எனக்குப் புல்லரித்துவிட்டது. அட்டைப்பெட்டியில் நாலு இலக்கத்தில் வாட்ஸ் வேறு. தவணை போட்டு வாங்கியாச்சு.

வீட்டில் மாட்டி, புதுப்படம் ஒன்று போட்டு, "எப்படி நைனா?" என்றேன்.

"சத்தம் நல்லாத்தான் கீது. என்னா பேசறான்னுதான் புரியல."

அவ்வளவுதான். என் வாட்ஸ் எல்லாம் அங்கேயே அவிந்து போனது.

முதலில் இந்த வாட்ஸ் கதை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. என்பது கண நேர உச்சத்தைக் காட்டும் எண். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் மயங்காதீர்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையர் வாட்ஸ் விளம்பரத்துக்கு 1974-லேயே விதி போட்டார்கள், 2024-ல் அதையும் திருத்த வேண்டியிருந்தது. அங்கேயே அந்தப் பாடு என்றால் நம்ம பாடு?

அடுத்தது அறை. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். பின் ஸ்பீக்கர் இரண்டும் உட்காருபவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் வர வேண்டும். பத்தடி அறையில் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் இடம் ஏது? எங்கள் வீட்டில் ஒன்று பீரோ மேல், ஒன்று அரிசி டிரம் மேல். சப்வூஃபர் சத்தமோ பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, கேட்கப் போகிறவரின் காது. வருஷக்கணக்காக இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் கூர்மையான ஒலிகள். ச, ட, த போன்ற மெய்யெழுத்துக்களைப் பிரித்துக் கேட்க அவைதான் வேண்டும். அது போனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதன்மேல் 'தும் தும்' என்று பேஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் சொல்லும் மூழ்கிவிடும். பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடே குலுங்கும் ஊரில் வாழ்ந்த மனுஷனுக்குத் தரை அதிர்வதைப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல?

"காது மந்தமானவருக்கு ஸ்பீக்கரே எதற்கு?" என்று கேட்பீர்கள். அவருக்குத்தான் நல்ல ஸ்பீக்கர் வேண்டும். நமக்குச் சுமாரான பெட்டியிலும் வசனம் புரிந்துவிடும். ஆனால் முதலில் காதைப் பரிசோதித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடைசியாக என் தொழில். 'வட்டியில்லாத் தவணை' என்கிறார்களே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்கு 21,500 ரூபாய்க்குக் கிடைப்பதை மாதம் 2,000 வீதம் 12 தவணையில் வாங்கினால் 24,000. 2,500 தானே என்று தோன்றும். அசல் மாதாமாதம் குறைவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 20 சதவீதத்துக்கு மேல். ஊருக்கெல்லாம் கடன் கணக்குச் சொல்லும் நானே இதில் கையெழுத்துப் போட்டேன் என்பதுதான் வெட்கம்.

அப்போ என்னதான் வாங்குவது? சின்ன அறை, சின்ன பட்ஜெட் என்றால் முன்னால் வைக்க இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர். அதே காசை ஆறாகப் பிரித்தால் ஆறும் மட்டம். கொஞ்சம் கூட முடிந்தால் நடுவில் சென்டர் ஸ்பீக்கர், வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வரும். மற்றதை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம். கடையில் சண்டைக் காட்சி கேட்காதீர்கள். இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். முடிந்தால் அப்பாவையே கூட்டிப் போங்கள்.

நம்மில் பலர் பெட்டியின் அளவில் பாசத்தை அளக்கிறோம். லைன் முழுக்கக் கேட்டால் "மகன் வாங்கிக் கொடுத்தது" என்று தெரியும் அல்லவா? அந்த ஆசைக்குத்தான் நான் காசு கொடுத்தேன். நைனாவுக்காக இல்லை.

திரும்பும் முன் சப்வூஃபரையும் பின் ஸ்பீக்கர்களையும் கழற்றிவிட்டு, மெனுவில் அவை இல்லை என்று மாற்றினேன். சென்டரை டிவிக்கு நேர் கீழே வைத்து அதன் சத்தத்தை மட்டும் கூட்டினேன். நைனா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வசனத்துக்குச் சிரித்தார். மூன்று பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. தவணை மட்டும் ஆறுக்கும் சேர்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.