'போருக்குப் பிந்திய' என்பதை பின்லாந்தில் எப்படிச் சொல்லுகினம்?

பின்னிஷ் மொழி படிக்கத் தொடங்கின எல்லாரையும் முதலில் வெருட்டுவது அதன் பதினைந்து வேற்றுமைகள். எட்டு வேற்றுமையோடு வளர்ந்த எங்களுக்கு அது பெரிய புதினமில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு பெயரடை.

'போருக்குப் பிந்திய' என்பதற்கு இவர்கள் 'சொதன்யால்கெய்னென்' என்கிறார்கள். 'சொத்தா' போர். 'சொதன்' போரினுடைய. 'யால்கி' என்றால் சுவடு. பனியில் முயல் ஓடின தடமும் யால்கிதான். அந்தச் சொல் 'யால்கேன்' என்று வேற்றுமை ஏற்கும்போது 'பிறகு' என்ற பொருள் வந்துவிடும். அதோடு 'இனென்' விகுதி சேர்ந்தால் பெயரடை. ஆக, வேரைத் தோண்டினால் அது போரின் சுவட்டில் கிடக்கும் காலம். (இதையே பன்மையாக்கி 'யால்கெய்செத்' என்றால் நஞ்சுக்கொடி! பிள்ளை பிறந்த பிறகு வருவது.)

இன்னொன்று. தங்கள் சரித்திரத்தைப் பேசும்போது இவர்கள் அனேகமாக 'சொத்தியென் யால்கெய்னென்' என்பார்கள். போர்களுக்குப் பிந்திய, பன்மை. 1939-40 பனிக்காலப் போர், 1941-44 தொடர்ச்சிப் போர், 1944-45 லாப்லாந்துப் போர் என்று மூன்று. கரேலியாவை விட்டு வெளிக்கிட்ட நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தில் பெரும்பகுதி தொடர்ச்சிப் போரின்போது ஊர் திரும்பினாலும், 1944இல் மறுபடி வெளிக்கிட்ட பிறகு குடியிருக்க ஊர் திரும்பவேயில்லை.

இதை வாசித்துவிட்டு எங்கட அறிக்கைகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. 'போருக்குப் பின்னரான இலங்கை' என்று ஒருமையில், ஏதோ கடையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தமாதிரி எழுதுகிறார்கள். எந்தப் போருக்குப் பின்? ஆருக்குப் பின்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017இல் கிளிநொச்சியில் தெருவோரம் குந்தின தாய்மாருக்கு எந்தத் திகதியிலிருந்து 'பின்' தொடங்குகிறது? அவர்களிடம் இருப்பது சுவடு மட்டும்தான். ஒரு படம், ஒரு அடையாள அட்டைப் பிரதி.

பின்னிஷ்காரருக்கு எங்களைவிட ஞானம் கூட என்று நான் சொல்லவில்லை. இந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்களில் ஒருவரும் முயல்தடத்தை நினைப்பதில்லை. அந்நிய மொழியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவனுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

ஆனாலும் 'போருக்குப் பின்னரான' என்று மொட்டையாக எழுத இப்ப எனக்குக் கை வருகுதில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிந்திய, 2009 மே மாதத்துக்குப் பிந்திய என்று ஆண்டைப் போட்டே எழுதுகிறேன். வசனம் நீளுகிறது, நீளட்டும்.