அவ துணியைத் தனியா ஊற வைக்கணுமா?

"பாப்பா, நீ பத்திரிகையில இருக்கவ. ஒண்ணு கேட்டா வெளிய சொல்ல மாட்டியே?"

போனில் பேசிய அக்கா, தூத்துக்குடியில் துறைமுகம் பக்கம் மீன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவருடைய தங்கை சில மாதங்கள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் இருப்பது தெரிந்து, ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"அவ துணிய எங்க துணியோட ஊறப் போடலாமா? தட்டு, டம்ளரு தனியா வெக்கணுமா?"

இந்த வாரப் பத்தி அந்த அக்காவுக்காக. அவரைப் போலக் கேட்கத் தயங்கும் எல்லோருக்காகவும்தான்.

தனித் தட்டு தேவையில்லை

சிஃபிலிஸ் உடலுறவாலும், புண்ணில் நேரடியாகப் படுவதாலும், கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கும் பரவும். துணி, தட்டு, கழிவறை வழியாகப் பரவாது. தொடக்க நிலையில் இருந்தால் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். நாள்பட்டது என்றால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. அதன்பின் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜெயிலில் ஒட்டிக்கொண்டதா?

"ஜெயிலுக்குப் போனா, வந்துருச்சு" என்றுதான் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. கணவரிடமிருந்தோ, வன்முறையாலோ, பாலியல் தொழிலிலோ வெளியிலேயே தொற்றியிருக்கும். சிஃபிலிஸ் புண் வலிக்காது, தானாக ஆறியும்விடும். கிளமிடியா, கொனோரியா இரண்டும் பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாமல் கருக்குழாய் வரை போய், பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்த இடம் சிறையாக இருந்ததால், பழியும் சிறை மேல் விழுகிறது.

இன்னொன்று. வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அல்ல. பூஞ்சைத் தொற்றும் காரணமாக இருக்கலாம். அதனால் தானாக மருந்து வாங்கிப் போடாமல் பரிசோதித்துக்கொள்வதே சரி.

1986-ல் நடந்தது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில், அதுவும் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம்தான். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி டாக்டர் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், போலீஸ் பிடித்து அரசுக் காப்பகத்தில் வைத்திருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது 6 பேருக்குத் தொற்று தெரிந்தது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் கூறினார்.

நாடு எச்சரிக்கை ஆனது. ஆனால், தொற்றுள்ள பெண்கள் சிலரைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே, 1990-ல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. நோய்க்காக ஒருவரைப் பூட்டி வைத்த அந்தக் காலத்தின் மிச்சம்தான், இன்று நாம் ஒதுக்கி வைக்கும் தட்டும் டம்ளரும்.

உள்ளே இருப்பவருக்கும் உரிமை உண்டு

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. அரசின் காவலில் இருப்பவர்களுக்கும் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை பெறும் உரிமை உண்டு. பெண் கைதிகளுக்காக ஐ.நா. 2010-ல் ஏற்ற பாங்காக் விதிகளும், சிறைக்குள் நுழையும்போதே பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனை வேண்டும், நாப்கின் இலவசமாகத் தர வேண்டும் என்கின்றன.

நாட்டில் 100 கைதிகளில் சுமார் 4 பேர்தான் பெண்கள். அதனால் பெண்கள் சிறைகளும் குறைவு. நெல்லைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் போய் மனு போட்டுப் பார்க்கிற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்ட பிறகு, "உடம்பு எப்படி இருக்கு, டாக்டரைப் பார்த்தியா?" என்றும் கேளுங்கள். விடுதலையாகும்போது மருத்துவச் சீட்டை மறக்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஒருநாள்கூட விடுபடக் கூடாது.

வெளியே வந்த பிறகு, அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், சுகவாழ்வு மையத்தில் பால்வினை நோய் சிகிச்சையும் இலவசம். பெயர் சொல்லாமல் சந்தேகம் கேட்க, 1097.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "அப்ப துணிய சேத்தே போடுறேன்" என்றார், குரலில் நிம்மதியோடு.

"தங்கச்சி வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்துட்டாராக்கா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கணவருக்குத் தொற்று இருந்து சிகிச்சை எடுக்காவிட்டால், குணமான மனைவிக்கு மறுபடியும் வரும் என்று விளக்கினேன்.

"அவரப் போய் இதக் கேக்க முடியுமா பாப்பா?"

தங்கையின் தட்டைத் தனியாக எடுத்து வைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. அவர் கணவரிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் இத்தனை தயக்கம். கேளுங்கள் அக்கா. தனியாகக் கேட்கக் கஷ்டமாக இருந்தால் இரண்டு பேரையும் சுகவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போங்கள். மிச்சத்தை அங்கிருக்கும் ஆலோசகர் பேசிக்கொள்வார்.