வாங்கிய வீட்டில் வாழ்ந்து பார்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. நவி மும்பையில் வீட்டுக் கடன் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், இவற்றோடு 'வாங்கிய வீட்டில் வாழ்ந்து பார்' என்ற ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவ்வாறு எண்ணச் செய்தவர்கள் ஓர் இளம் தம்பதியர். இருவரும் பணிக்குச் செல்பவர்கள். ரயில் நிலையத்துக்கு வெகு தொலைவில் எழுந்த ஒரு குடியிருப்பில், விலை குறைவு என்பதால் வீடு வாங்கினர். வருமானச் சான்றும் பத்திரங்களும் குறையின்றி இருந்தன. கடனுக்குப் பரிந்துரை செய்தவன் நானே. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் மீண்டும் வந்தபோது அவ்வீடு பூட்டிக் கிடந்தது. குழந்தை பிறந்தபின் நாளொன்றுக்கு நான்கு மணி நேரப் பயணம் இயலாமற்போகவே, அலுவலகத்துக்கு அருகில் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். தவணை ஒருபுறம், வாடகை மறுபுறம். கடன் காலத்தை நீட்டித்துத் தர இயலுமா என்று கேட்கவே வந்திருந்தனர்.

எங்கள் பதிவேட்டில் அது மலிவு விலை வீடு. மலிவு என்பதை நாம் எவ்வாறு அளக்கிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது. கட்டுமானத்திலுள்ள வீடுகளுக்கு 2019 முதல் வழங்கப்படும் 1 சதவீத ஜிஎஸ்டி சலுகையை எடுத்துக்கொள்வோம். பெருநகரப் பகுதிகளில் விலை 45 லட்சம் ரூபாய்க்கும், உட்பரப்பு 60 சதுர மீட்டருக்கும் மிகாதிருந்தால் அது மலிவு வீடு. விலையும் பரப்பும் கணக்கில் வருகின்றன. தொலைவுக்கு அங்கே இடமில்லை.

தொலைவின் விலையைச் சற்றுக் கணக்கிடுவோம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 25 லட்சம் ரூபாய் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். 30 லட்சத்துக்கு ஏறத்தாழ 26,040 ரூபாய். தொலைவிலுள்ள வீட்டைத் தேர்ந்தெடுத்தால் மாதம் 4,340 ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். அங்கிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஒருவழிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பணிக்குச் செல்லும் இருவருக்கு 25 நாட்களில் 4,000 ரூபாய் ஆகிறது. எஞ்சுவது 340 ரூபாய். தண்ணீர் லாரிக்குப் பணம் தர வேண்டிய குடியிருப்பாயின் அதுவும் நில்லாது. குழந்தையைக் கூடுதல் நேரம் காப்பகத்தில் விடும் செலவையும், சாலையில் கழியும் பொழுதையும் நான் சேர்க்கவே இல்லை.

இதற்கான தீர்வின் ஒரு பகுதியை நவி மும்பையின் வரலாறே சொல்கிறது. சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரிஷ் படேல் ஆகியோர் 1960களில் முன்வைத்த கருத்தை ஏற்று, மகாராஷ்டிர அரசு 1970இல் சிட்கோ என்னும் நகர வளர்ச்சி நிறுவனத்தை அமைத்தது. வணிக மனைகளை உயர்ந்த விலைக்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு எளியோருக்கான சிறு வீடுகளின் விலையைத் தாழ்த்துவது அதன் வழிமுறைகளுள் ஒன்று. ஆயினும் மான்குர்திலிருந்து கடற்கழியைக் கடந்து வாஷிக்குப் புறநகர் ரயில் வந்தது 1992இல்தான். வீடு முன்னே வந்து ரயில் பின்னே வந்த அந்த இருபது ஆண்டுகளில், குடியேறியவர்கள் பேருந்தையே நம்பியிருந்தனர். ரயில் திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஏற்றதும் சிட்கோவே. நிலத்தின் மதிப்பு உயர்வதிலிருந்தே ரயிலுக்குப் பணம் திரட்டலாம் என்பதை இது காட்டுகிறது.

வளரும் எந்தப் புறநகருக்கும் இதிலிருந்து இரண்டு பாடங்கள் உண்டு. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் சிறு வீடுகளுக்கான நிலத்தை, விலை ஏறுவதற்கு முன்பே வரைபடத்தில் ஒதுக்கிவிட வேண்டும் என்பது முதலாவது. புதிய குடியிருப்புத் திட்டங்களில் 10 முதல் 15 சதவீத நிலத்தையோ, 20 முதல் 25 சதவீதக் கட்டடப் பரப்பையோ எளிய பிரிவினருக்கு ஒதுக்குமாறு 2007ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புற வீட்டுவசதிக் கொள்கையே பரிந்துரைத்துள்ளது. அந்த ஒதுக்கீடு நகரின் எந்த மூலையில் அமைகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். குடிநீர், பேருந்து, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றும் முதல் குடும்பம் குடிபுகும் நாளிலேயே இயங்க வேண்டும் என்பது இரண்டாவது.

நிலையத்தை ஒட்டிய நிலம் விலை மிக்கது, அதைச் சிறு வீடுகளுக்கு ஒதுக்கினால் மற்ற வீடுகளின் விலை ஏறும் என்று கட்டுநர்கள் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்நிலத்துக்கு அவ்வளவு மதிப்பைத் தந்தது பொதுப்பணத்தில் வந்த ரயில். அம்மதிப்பில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கேட்பது நியாயமே.

திட்டமிடுவோர் இவற்றைச் செய்யும்வரை வாடிக்கையாளர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் பயணம் செய்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அங்கே ஏற்கெனவே குடியிருப்போரிடம் கேளுங்கள். தவணையோடு பயணச் செலவையும் கூட்டி, அந்தத் தொகையை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.

வங்கியாளர்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. அந்தத் தம்பதியருக்குக் கடன் காலம் நீட்டிக்கப்பட்டது. தவணை சற்றுக் குறைந்தது, வட்டிச் சுமை கூடியது. அவர்களது விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஊதியம், வயது, சொத்து, பிற கடன்கள் அனைத்துக்கும் அதில் இடம் இருந்தது. 'வீட்டிலிருந்து பணியிடம் எவ்வளவு தொலைவு?' என்ற கேள்வி மட்டும் இல்லை. இப்போது அதனை நான் வாய்மொழியாகவேனும் கேட்டுவிடுகிறேன்.