ஒரு மலை, இரண்டு ஜெர்மனி

போன வாரம் வகுப்பில் ஒரு விவாதம். நாட்டு எல்லைகள் புதுமைக்குத் தடையா, தூண்டுகோலா? பெரும்பாலானோர் தூண்டுகோல் கட்சி. வெளியே கிடைக்காவிட்டால்தானே நாமே செய்வோம், கிரையோஜெனிக் எஞ்சினைப் பாருங்கள் என்றார்கள். நான் எழுந்து, "எங்க ஜவ்வாது மலையைப் பாருங்க" என்றேன். ஒரே சிரிப்பு. தேனும் சாமையும் விற்கிற மலையில் ஏதுடா நாட்டு எல்லை என்று. அன்று சொல்ல நேரம் தரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலையில் காவலூர் என்ற ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று 1972 முதல் வேலை செய்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை வைத்து அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்ததே, அந்த மறைப்பை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். அந்தத் தொலைநோக்கியைச் செய்தது கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் ஸைஸ் நிறுவனம்.

பக்கத்திலேயே 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. இது நம் நாட்டில் உருவானது. ஆனால் அதன் ஆடிக்கான ஸெரோடூர் வட்டு ஷாட் நிறுவனத்தின் சரக்கு. ஊர் மைன்ஸ், மேற்கு ஜெர்மனி.

விஷயம் என்னவென்றால், இந்த இரண்டு கம்பெனிகளும் பிறந்தது ஒரே ஊரில்! ஸைஸ் 1846-ல் யேனாவில் கடை போட்டார். கணக்கு போட எர்ன்ஸ்ட் அப்பே வந்தார். 1884-ல் கண்ணாடி உருக்க ஓட்டோ ஷாட் சேர்ந்தார். இந்தக் கண்ணாடி போதாது என்று லென்ஸ்காரர் சொன்னால், கண்ணாடிக்காரர் புதிதாக உருக்கித் தருவார். நடந்து போகிற தூரத்தில் இது நடந்தது. அந்த ஊரின் மூலதனமே அதுதான் என்பேன்.

1945-ல் யேனாவுக்குள் முதலில் நுழைந்தது அமெரிக்கப் படை. ஊர் சோவியத் பங்குக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும், கிளம்பும்போது இரண்டு கம்பெனிகளின் முக்கிய நிபுணர்களையும் மேற்கே கூட்டிப் போய்விட்டார்கள். ஷாட்டிலிருந்து போனவர்கள் மட்டும் 41 பேர். மீதியிருந்த இயந்திரங்களில் பெரும்பகுதியைச் சோவியத் கழற்றிக்கொண்டு போனது. அப்புறம் மேற்கே ஒரு ஸைஸ், கிழக்கே ஒரு ஸைஸ், பெயர் யாருக்கு என்று வருஷக்கணக்கில் வழக்கு.

யேனாக்காரர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் மலைத் தொலைநோக்கியே சாட்சி. ஆனால் மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையால் சிப் செய்யும் கருவி முதல் எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. 1988-ல் ஒரு மெகாபிட் சிப்பைப் பெருமையோடு தலைவர் ஹோனெக்கரிடம் கொடுத்தார்கள். ஜப்பானில் அது ஏற்கெனவே தொழிற்சாலைச் சரக்கு. இருப்பதையே மறுபடி கண்டுபிடிக்க ஆன செலவை எந்த லாப நட்டக் கணக்கில் எழுதுவது? எங்கள் அக்கவுண்டன்சி புத்தகத்தில் அதற்குத் தலைப்பு இல்லை. எல்லை விழுந்த பிறகு யேனாவில் பல ஆயிரம் பேருக்கு வேலை போனது. அதில் அந்தச் செலவின் ஒரு பகுதி தெரிந்தது.

கிரையோஜெனிக் கட்சிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பம் தர மறுத்தது. நம் எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். செய்தோம்தான், பெருமைதான். இருபது வருஷம் ஆனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது காவலூரின் பெரிய ஆடி வந்த வழி. வைணு பாப்புவும் அவரது குழுவினரும் கண்ணாடியை நாமே உருக்குவோம் என்று உட்காரவில்லை. நல்ல வட்டு எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கினார்கள். தேய்த்து மெருகேற்றும் வேலையை மட்டும் வெளியே விடாமல் பெங்களூரில் தாங்களே செய்தார்கள். பொருள் எல்லை தாண்டி வந்தது, கைத்திறன் இங்கே வளர்ந்தது. விவாதத்தில் இரண்டு கட்சியும் இதைப் பேசவே இல்லை.

கடைசியில் கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் ஏழு பேர். மீதிப் பேர் ஆலங்காயம் வரை பஸ்ஸில் வந்தால் போதும். மலைக்குக் கூட்டிப் போய் யேனாவையும் மைன்ஸையும் ஒரே வளாகத்தில் காட்டுகிறேன். டீ என் செலவு :-)