கரண்ட் உடுப்பு வாங்கப் போறீங்களா?

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போனால் ஜரிகையைத் தடவிப் பார்க்காமல் வரமாட்டீர்கள். அந்த ஜரிகையில் மின்சாரம் பாயும் என்றால், 'என்னங்க, பயமுறுத்தறீங்க!' என்பீர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் இருவரும் 'மின்துணி' செய்யக் கிளம்பியபோது, முதலில் எடுத்த துணிகளில் ஒன்று, பட்டிழையில் செப்புத் தகடு சுற்றி நெய்த ஆர்கன்ஸா. நம் நாட்டில் அலங்காரத்துக்கு நெய்கிற ரகம்தான். (அதற்காக முகூர்த்தப் புடவையில் பேட்டரி வைத்துப் பார்க்காதீர்கள்!)

இன்று வெள்ளி பூசிய நைலான் நூலில், தசைக்குக் கரண்ட் கொடுக்கும் உடுப்புகளே வந்துவிட்டன. பிஸியோதெரபியில் பட்டை ஒட்டித் தசையைத் துடிக்க வைப்பார்களே, அதே சங்கதி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் தொடைத் தசை மெலியாமல் இருக்க, பக்கவாதத்தில் மரத்த கைக்குப் பயிற்சி தர, இது உதவுகிறது. உட்கார்ந்தபடியே தொப்பை கரையும் என்பதெல்லாம் விளம்பரம்.

எத்தனை 'புரோகிராம்' இருக்கிறது என்று கடைக்காரர் அடுக்குவார். நீங்கள் கேட்க வேண்டியது, 'உடம்போடு ஒட்டி நிற்குமா?' என்றுதான். பட்டை தளர்ந்து ஓரம் மட்டும் தொட்டால், முழுப் பரப்பிலும் பரவ வேண்டிய கரண்ட் அந்தச் சின்ன இடத்திலேயே நெருக்கிக்கொண்டு பாயும். சுருக்கென்று குத்தும், தோல் புண்ணாகவும் செய்யும். காய்ந்த தோலிலும் அப்படித்தான். அதனால்தான் பட்டையை நனைத்துப் போடச் சொல்கிறார்கள். ஆக, சௌகரியம் என்பது இங்கே சொகுசு இல்லை, பாதுகாப்பு.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, நாளெல்லாம் குனிந்து நெய்கிற பெரியவரை நினைத்துப் பாருங்கள். இடுப்பும் தோளும் கழன்றுபோகும். அவருக்கு முதல் மருந்து, அவ்வப்போது எழுந்து நடப்பது. டாக்டர் சொல்லி இந்த உடுப்பைப் போட வேண்டி வந்தாலும், சித்திரை வெயிலில், ஒரு ஃபேன் ஓடுகிற வீட்டில், ரப்பர் மாதிரி இறுகும் சட்டையை எத்தனை நாள் போடுவார்? பக்கவாதக்காரர் மடங்கிய கையை அந்த இறுக்கமான கைக்குள் எப்படி நுழைப்பார்? ரவிக்கை மாதிரி முன்பக்கம் திறந்து கொக்கி வைத்தால் என்ன? தெருமுனை டெய்லர் ஒரு ரவிக்கைக்கே பத்து இடத்தில் அளவெடுக்கிறார். இவர்களோ ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சில அளவுகளோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபமே இதில்தான்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது, அதனால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். போட்ட மறுநாள் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துவைக்கத் துவைக்க வெள்ளி தேயும். எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதை பில் போடுவதற்கு முன்பே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.