லோயஸ்ட் டெண்டரும் பழவேற்காட்டுப் பாடும்

2025 ஆகஸ்ட் மாசம் ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் ரெண்டு மண்டலத்துக் குப்பை வேலையையும் தனியார்கிட்ட கொடுத்ததுதான் பிரச்சனை. கடைசியில ராத்திரியோட ராத்திரியா போலீஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு. அப்ப நண்பர் ஒருத்தர் கேட்டார்: "டெண்டர் விட்டுத்தானேய்யா கொடுத்தாங்க? சும்மாவா தூக்கிக் கொடுத்தாங்க?"

இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். டெண்டர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், நியாயம் நடந்துருச்சுன்னு ஆயிடுது.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அமலுக்கு வந்தது 2000-ல. டெண்டர்ல கேட்டிருக்கிற தகுதியெல்லாம் இருக்கிறவங்கள்ல எவன் குறைஞ்ச ரேட் போட்டிருக்கானோ அவனுக்குத்தான் வேலை. அதுக்கு முன்னாடி வேண்டியவங்களுக்கு வேலையைத் தூக்கிக் கொடுத்து கொள்ளையடிச்சது கொஞ்சநஞ்சமில்ல, அதனால சட்டம் வந்ததுல தப்பே இல்ல. சிமெண்ட் வாங்கணுமா, பம்புசெட் வாங்கணுமா, தாராளமா டெண்டர் விடுங்க. ஆனா ஊர்ல வாழுறவங்க தினம் தினம் செய்யவேண்டிய வேலையையும் அதே தராசுல நிறுத்தா எப்படிங்க?

சென்னையை விட்டு வடக்கே 60 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. அந்த ஏரியைச் சுத்தி இருக்கிற குப்பங்கள்ல ஒரு வாய்க்கால் கட்டணும், படகுத்துறை படியைச் சரிபண்ணணும்னு வைங்க. டெண்டர் போடணும்னா பதிவுபெற்ற ஒப்பந்ததாரரா இருக்கணும், முன்வைப்புத் தொகை கட்டணும், முன்னாடி வேலை செஞ்ச சான்றிதழ் காட்டணும். மீனவர்கிட்ட இதெல்லாம் ஏது? வெளியூர்க்காரர் வருவார், எஸ்டிமேட்டுக்குக் கீழ ரேட் போடுவார். அந்தக் குறைச்சலை எங்கே ஈடுகட்டுவார்? சிமெண்ட்லயும் கூலியிலயும்தான். பில்லு பாஸானதும் வண்டி ஏறிடுவார். வாய்க்கால் உடைஞ்சு சாக்கடை ஏரியில விழுந்தா அந்தத் தண்ணியில இறங்கி இறால் பிடிக்கிறவன் அவர் இல்லையே! இதுல பல இடத்துல ஒப்பந்ததாரர்களே சிண்டிகேட் போட்டு, இந்தத் தடவை உனக்கு அடுத்த தடவை எனக்குன்னு பேசி வச்சுக்கிறது வேற. பேருதான் போட்டி.

முறை வச்சுப் பிரிக்கிறதுன்னா, அதைக் களவா செய்யாம ஊரறியச் செய்யுற வழி இதே பழவேற்காட்டுல இருக்கு. அதுதான் பாடு.

ஏரியில இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்துல கட்டினா அடிதடிதான். அதனால கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் பட்டினவர்கள் சீட்டுப் போட்டு இடத்தைப் பிரிச்சுக்கிற வழக்கம் தலைமுறை தலைமுறையா வந்திருக்கு. யாருக்கு எந்த இடம், என்னைக்கு முறைன்னு சீட்டு சொல்லும். நல்ல இடம் ஒருத்தன்கிட்டயே தங்காது. ஏலம் விட்டிருந்தா? பணம் வச்சிருக்கிற ஏதோ ஒரு வியாபாரி மொத்த ஏரியையும் எடுத்திருப்பார், மீனவன் அவர்கிட்ட கூலிக்கு நின்னிருப்பான். இலங்கையில நீர்கொழும்பு களப்புலயும் இதே மாதிரி இறால் வலைக்குச் சீட்டு முறை உண்டு. அங்கே 1958-லயே அரசாங்கம் அதுக்கு ஒழுங்குவிதி போட்டு சட்டமாவே ஏத்துக்கிச்சு.

"மீன்பிடிக்கிறதும் வாய்க்கால் கட்டுறதும் ஒண்ணா?"ன்னு கேட்பீங்க. ஒண்ணு இல்லதான். ஆனா போட்டி டெண்டரைக் கட்டாயமாக்கிப் பார்த்துட்டுக் கைவிட்ட ஊரும் இருக்கு. பிரிட்டன்ல தாட்சர் அம்மா 1980-ல ஆரம்பிச்சு 1988 சட்டத்துல குப்பை அள்ளுறது, தெரு கூட்டுறது, பள்ளிக்கூடச் சமையல் எல்லாத்துக்கும் உள்ளாட்சிகள் டெண்டர் விட்டே ஆகணும்னாங்க. நார்த் யார்க்‌ஷயர்ல டெண்டரை ஜெயிக்கறதுக்காக கவுன்சிலே தன்னோட சமையல்காரப் பெண்கள் சம்பளத்தைக் குறைச்சது. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1995-ல பிரபுக்கள் சபை வரைக்கும் போய் ஜெயிச்சாங்க, சம ஊதியச் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு. 1999-ல வேற சட்டம் கொண்டுவந்து 2000 ஜனவரியில அந்தக் கட்டாயத்தையே எடுத்துட்டாங்க. புது சட்டத்துல விலையோட தரத்தையும் பாருங்க, மக்கள்கிட்ட கேளுங்கன்னாங்க. அதுலயும் ஏகப்பட்ட ஆடிட், ஃபைல், தலைவலின்னு சொல்வாங்க, அது தனிக்கதை. அவங்க கட்டாயத்தைக் கழற்றிப் போட்ட அதே வருஷம்தான் நம்ம சட்டம் அமலுக்கு வந்துச்சு! :-)

அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்து கேரளாவைப் பாருங்க. வடகரையில 1925-ல கூலித்தொழிலாளிகள் ஆரம்பிச்ச ஊராளுங்கல் சங்கம் இன்னிக்குப் பெரிய பெரிய ரோடும் பாலமும் போடுது. முதலாளி தொழிலாளர்களேதான். புனேயில குப்பை பொறுக்குற பெண்களோட கூட்டுறவுகிட்ட மாநகராட்சி 2008-ல ஒப்பந்தம் போட்டுச்சு. ஏன், 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டமே காண்ட்ராக்டர் கூடாதுன்னு எழுதித்தான் வந்துச்சு.

அதனால ஏரிக்கரைப் பஞ்சாயத்துகள்ல உள்ளூர் ஆளால செய்யமுடியுற வேலைகளை டெண்டர்லேருந்து எடுங்கறேன். ரேட்டை அரசே நிர்ணயிக்கட்டும், குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ போகாம. மகளிர் குழுக்களும் மீனவர் சங்கங்களும் பேர் கொடுக்கட்டும். கிராம சபையில எல்லார் முன்னாடியும் சீட்டுக் குலுக்கி முறை வைக்கட்டும். பில்லு அதே சபையில வாசிக்கப்படணும், வேலை சரியில்லாத குழுவுக்கு அடுத்த சீட்டு கிடையாது. ஊர்க்காரன் திருடமாட்டானான்னு கேட்டா, திருடுவான். ஆனா அவன் வீடு எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

பாடு முறையில இருக்கிற பெரிய கோளாறை மறைக்க மாட்டேன். அந்தச் சீட்டுல பட்டினவர் குடும்பத்து ஆம்பிளைங்க பேருதான் இருக்கும். அதே ஏரியில இடுப்பளவு தண்ணியில கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்ணுக்கு அதுல இடமில்ல, தலித் மீனவர்களும் அதுக்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. பஞ்சாயத்து வேலைக்குச் சீட்டுப் போடும்போது ஊர்ப் பெரியவங்க கையில பட்டியலைக் கொடுத்தா இதுவேதான் திரும்ப நடக்கும். வாக்காளர் பட்டியலை எடுங்க. அதுல பேர் இருக்கிற யார் வேணும்னாலும் குழு சேர்க்கலாம்னு விதியில எழுதுங்க. முதல் வருஷம் சீட்டுல பாதியை இருளர், தலித் குழுக்களுக்கும் மீன் விக்கிற பெண்கள் குழுக்களுக்கும் ஒதுக்கிட்டு, மிச்சத்தைக் குலுக்குங்க.