‘சத்தம் ஜாஸ்தி’ என்று சொல்லும் காது யாருடையது?

ஒரு தனியிசை ஆல்பம் வெளியானால் நண்பர்கள் வட்டத்தில் இரண்டு நாட்களுக்கு அதே பேச்சுதான். “மூணாவது பாட்டு செம.” “ராப் ஓகே, மெலடி இல்ல.” “சத்தம் ஜாஸ்தி.” “எல்லாத்துலயும் அரசியலைக் கொண்டு வந்துட்டாங்க.” கடைசியில் ஒரு வரி கட்டாயம் வரும்: “இது என்னோட பர்சனல் கருத்து.”

கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த ‘பர்சனல்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். எது இசை, எது சத்தம் என்று நம் காதுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத்தோல்தான். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் சேர்ந்துதான் அந்த நாதம் பிறக்கிறது. அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வாரிழுத்துக் கட்டும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோல் சபா மேடை ஏறினால் நாதம். சேரியில் ஒலித்தால் இழவுக்கொட்டு. பறையின் மீது ஒட்டவைக்கப்பட்ட தீட்டுக்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை, அடிப்பவரின் சாதிதான் அதன் காரணம். இந்தப் பிரிவினையைக் கேட்டே வளர்ந்த காது, ஹெட்போனை மாட்டியவுடன் நடுநிலை ஆகிவிடாது.

‘தரம்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940களில் தமிழிசை இயக்கம் மேடைகளில் தமிழ்ப் பாடல்களைக் கேட்டபோது, எதிர்த்தவர்களின் முக்கியமான வாதமே ‘தரம் கெட்டுவிடும்’ என்பதுதான். அமெரிக்காவில் 1920களிலிருந்து கறுப்பர்களின் இசைத்தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கி விற்றார்கள். பில்போர்டு இதழ் தன் பட்டியலில் அந்தத் தலைப்பைக் கைவிட்டு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியது 1949இல்தான். ஒதுக்கிவைத்த அந்த இசையிலிருந்துதான் ராக் அண்ட் ரோல் கிளைத்தது. நம் ஊரில் கானாவுக்கு நடந்ததும் இதற்குப் பக்கத்தில் வருகிற கதைதான். வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடியபோது அது ‘குடிசைப் பாட்டு’. சினிமாவில் கதாநாயகன் ஆடியபோது ‘மாஸ்’.

இந்தப் பின்னணியில்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியதைப் பார்க்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்றவர் என்ற சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் பறையும் கட்ட மோளமும் சரிசமமாக ஒலித்தன. ஆண்களின் களமாகவே இருந்த கானாவை இசைவாணி அந்தக் குழுவில் பாடினார். 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் ‘தெருக்குரல்’ தந்தார்கள். 2024இல் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய பாட்டியின் பெயர் ஓர் ஆல்பத்தின் தலைப்பில் ஏறியது.

இதுவரை மற்றவர்களின் காதைப் பற்றிப் பேசினோம். இனி நம் காதுக்கு வருவோம்.

இந்த ஆல்பங்கள் வந்தபோது நாம் என்ன செய்தோம்? “முக்கியமான அரசியல் ஆவணம்” என்று எழுதினோம். வாழ்த்துச் சொன்னோம், பகிர்ந்தோம். எத்தனை பேர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்டோம்? கட்ட மோளம் எங்கே டிரம்ஸோடு சேர்கிறது, எங்கே அதை மீறி முன்னே வருகிறது? எந்த வரி தாளத்துக்குள் கச்சிதமாக உட்காருகிறது, எந்த வரி முழக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது? பாடுகிறவர் எங்கே மூச்சை நிறுத்தி, நம்மைக் காக்க வைக்கிறார்? இதையெல்லாம் எழுதியவர்கள் மிகச் சிலர்.

இளையராஜாவின் பேஸ் கிட்டாரைப் பற்றி விடிய விடியப் பேசத் தெரிந்த நாம், அறிவின் பாட்டு என்று வந்தால் வரிகளின் அரசியலோடு நிறுத்திக்கொள்கிறோம். மற்றவர்களுடைய இசைக்கு ரசனை, ஒடுக்கப்பட்டவரின் இசைக்குச் சமூகவியல். இந்தப் பாகுபாடும் சாதியின் வேலைதான். அன்போடு செய்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு கலைஞரை அவருடைய வலிக்காக மட்டும் பாராட்டினால், அவருடைய திறமையைக் கேட்காமல் கடந்துபோகிறோம் என்று பொருள்.

அப்படிக் கடந்துபோவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ‘என்ஜாய் என்ஜாமி’யே சாட்சி. 2021 மார்ச்சில் வெளியாகி உலகமெங்கும் ஒலித்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பாட்டை எழுதி, உடன் பாடிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவின் படத்தோடு ஓர் அட்டை வெளியானது. பாட்டு எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதை யார் எழுதினார், யார் வாசித்தார் என்று கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லாமல் இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நேர்மையான விமர்சனத்தையும் வன்மத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் இசைவாணி மீது பாய்ந்தவர்கள் அந்தப் பாட்டின் இசையைப் பற்றி விவாதிக்க வரவில்லை. அது மிரட்டல், அங்கே நாம் அவர் பக்கம் நின்றாக வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நம் கலைஞர்களிடம் “இந்தப் பாட்டு சரியாக வரவில்லை தோழர்” என்று சொல்லத் தயங்கவும் கூடாது. குறை சொல்லத் தகுதியான இசை என்று ஏற்றுக்கொள்வதும் மரியாதைதான்.

ஆகவே அடுத்த ஆல்பம் வரும்போது முழுதாகக் கேளுங்கள். பறை அடித்தவர், மோளம் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் என எல்லாப் பெயர்களையும் படியுங்கள். முடிந்தால் டிக்கெட் வாங்கி நிகழ்ச்சிக்குப் போங்கள். பிறகு உங்கள் கருத்தை எழுதுங்கள். பிடித்திருந்தால் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால், அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள்: பிடிக்காமல் போனது அந்தப் பாட்டா, அந்தப் பாட்டு வந்த தெருவா?